சட்டப்படி குளித்த கிடா

கந்தப்பன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், மோகனூர்ப் பக்கத்தில் அந்தச் சின்ன ஊரே மூக்கின் மேல் விரலை வைத்தது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து வெளுத்துப்போயிருந்தது. சேலத்து மிஷன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பண்ணிக்கொண்டால் பார்வை வந்துவிடும் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் படித்துப் படித்துச் சொன்னார்கள். ஊசி என்றால் பயம், கத்தி என்றால் மயக்கம் என்று ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்த மனுஷன், இப்போது தானாகவே "போலாம்" என்கிறார். ஒரே ஒரு கண்டிஷன்தான்.

"என்ற கெடாவும் கூட வரோணும்."

சும்மா சொல்லக்கூடாது, அந்தச் செம்மறிக் கிடா லேசுப்பட்டதல்ல. கழுத்துக் கயிற்றின் மறுநுனியைக் கந்தப்பன் கையில் கொடுத்துவிட்டால் போதும், வீட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கும் தோட்டத்திலிருந்து வாய்க்காலுக்கும் ஒரு கல் தடுக்காமல் கூட்டிக்கொண்டு போகும். யாரும் பழக்கிவிடவில்லை. குட்டியாக இருந்தபோது அவர் காலையே சுற்றிக்கொண்டு கிடந்தது. அவருக்குப் பார்வை மங்க மங்க, பின்னால் நடந்த குட்டி முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டது. குறை என்று பார்த்தால் ஒன்றுதான். எங்கே கிளம்பினாலும் முதலில் டீக்கடைக்குப் போய் ஒரு பன் தின்ற பிறகுதான் மற்ற இடத்துக்கு நகரும். கோயிலுக்கு என்று புறப்பட்ட மனுஷன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர் மனைவி பாவாயி எத்தனையோ தரம் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். கந்தப்பன் பழியைக் கிடாவின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக டீ குடிப்பார்.

ஒரு மழைக்காலத்தில் தோட்டத்துக் கிணற்றோரம் சரிந்துபோனது அவருக்குத் தெரியாது. பாதி வழியில் கிடா நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. திட்டினார், கயிற்று நுனியால் இரண்டு போட்டார். ஊஹூம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கத்திக்கொண்டு ஓடிவந்து பார்த்தால், அடுத்த எட்டில் கிணறு வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. அன்றைக்குக் கந்தப்பன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு அதை "சாமி" என்றுதான் கூப்பிடுவார்.

வம்பு என்னவென்றால், அந்தக் கிடா ஏற்கெனவே இன்னொரு சாமிக்குச் சொந்தம். கந்தப்பனுக்குக் கண் மங்கத் தொடங்கிய புதிதில், பாவாயி ஊரெல்லை முனியப்பன் முன்னால் நின்று, கைக்கு அகப்பட்ட ஒரு குட்டியைக் காட்டி, "என்ற ஊட்டுக்காரருக்குக் கண்ணு தெளிஞ்சா இதையவே உனக்கு வெட்டிப் பொங்க வெக்கறேன் சாமி" என்று வேண்டிக்கொண்டு, அடையாளத்துக்குக் காதிலும் ஒரு வெட்டுப் போட்டுவிட்டாள். அந்தக் குட்டியே பின்னாளில் புருஷனுக்குக் கண்ணாகப் போகிறது என்று அவள் கண்டாளா? வேறு கிடா கொடுத்தால் ஆகாதா என்று பூசாரி அர்த்தநாரியிடம் கேட்டுப் பார்த்தாள். "காதறுத்து உட்டதை மாத்தறதுக்கு இதென்ன சந்தைங்களா?" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

ஆக, கண் வந்தால் கிடா போகும். கந்தப்பன் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காததற்கு இதுதான் காரணம், ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. ஓர் ஆட்டுக்காகக் குருடாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று எந்தக் குடியானவன் வாய்விட்டுச் சொல்லுவான்? அவர் மனசுக்குள் பூட்டி வைத்துக்கொண்டார்.

பிறகு ஏன் சம்மதித்தார் என்கிறீர்களா? போன வாரம் டீக்கடையில் ஒருத்தர் அலுத்துக்கொண்டார். அந்த ஆஸ்பத்திரி வாசலில் ஆடு, மாடு, நாய், கோழி எதுவும் உள்ளே வரக்கூடாது என்று போர்டு மாட்டியிருக்கிறார்களாம். பிள்ளை பெற்ற மகளுக்கு என்று அவர் கொண்டுபோன கோழியை வாட்ச்மேன் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டானாம். கேட்ட மாத்திரத்தில் கந்தப்பன் காதில் தேன் பாய்ந்தது. கிடாவோடு போவது, வாசலில் மறிப்பார்கள், திரும்பி வருவது. போகவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது, வேலை முடிந்தது!

பாவாயியின் தம்பி சின்னண்ணன் லாரி ஓட்டுகிறவன். சேலத்துக்கு வெல்லம் ஏற்றிக்கொண்டு போன லோடில் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டான். மூன்றாவது ஆள் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு வந்தது. சேலம் வந்து சேர்வதற்குள் ஒரு மூட்டையின் மூலையைக் கடித்து வெல்லத்தை ருசி பார்த்திருந்தது. சின்னண்ணன் கிடாவை முறைத்தான். ஆடியில் முனியப்பன் பொங்கல் வரட்டும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் எல்லாம் கந்தப்பன் கணக்குப்படியே நடந்தது. காக்கிச் சட்டை போட்ட வாட்ச்மேன் சவரியார் கையை நீட்டி மறித்தார்.

"பெரியவரே, ஆடெல்லாம் உள்ளே விடுறதில்ல. போர்டைப் பார்க்கலையா?"

"போர்டு தெரிஞ்சா நான் ஏனுங்க இங்க வாரேன்?" என்றார் கந்தப்பன். அடுத்த மூச்சில் குரலைக் குழைத்துக்கொண்டார். "சட்டம்னா சட்டந்தானுங்க. நாம மதிக்கோணுமல்லங்க? மாப்பிள்ள, லாரியத் திருப்பு. பாவாயி, நட போலாம்."

சவரியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வாசலில் கெஞ்சினவர்கள் உண்டு, சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. சட்டம் என்றதும் வாயெல்லாம் பல்லாகத் திரும்பிப் போகிற ஆளை அவர் பார்த்ததே இல்லை. இதில் என்னமோ இருக்கிறது என்று உள்ளே ஓடித் தலைமை நர்ஸ் இன்பமேரியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்தப் போர்டை எழுதி மாட்டியவரே இன்பமேரிதான். பால்காரரின் எருமை ஒன்று பிரசவ வார்டுக்குள் நுழைந்து, வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்த நாளில் எழுதியது. அதனால் அவர் கடுகடுவென்றுதான் வந்தார். வந்தவர் வாய் திறப்பதற்குள் கந்தப்பன் லாரியை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் மூடி இல்லாத சாக்கடை. கிடா அதன் விளிம்பில் நின்றது. கந்தப்பன் கயிறு தளர்ந்ததும் நின்று, காலால் துழாவி, அகலம் பார்த்துத் தாண்டினார். கிடா அவர் தாண்டும்வரை காத்திருந்து, பிறகு தானும் தாண்டி மறுபடியும் முன்னால் போனது. இன்பமேரி இதையெல்லாம் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெரியவரே, நில்லுங்க! ஆட்டைக் கூட்டிக்கிட்டு உள்ளே வாங்க."

"போர்டு இருக்குதுங்களே நர்ஸம்மா?" என்றார் கந்தப்பன்.

"போர்டு எழுதினது நான்தான். அது சும்மா மேயுற ஆட்டுக்கு. இது உங்களுக்குக் கண்ணு மாதிரியில்ல இருக்கு? நொண்டி வர்றவங்ககிட்ட ஊன்றுகோலை வெளிய வெச்சிட்டு வாங்கன்னா சொல்றோம்?"

"கண்ட எடத்துல புழுக்கை போடுமுங்க."

"உங்க வீட்டம்மா அள்ளுவாங்க."

"பொல்லாததுங்க. ஆளைக் கண்டா முட்டுமுங்க."

கிடா அந்த நேரம் பார்த்து இன்பமேரியின் கையை நக்கிக்கொண்டிருந்தது. சவரியார் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் ஆட்டைத் தானே இப்படித் திட்டித் தீர்க்கிற ஆளைச் சேலம் ஜில்லாவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். கந்தப்பன் கையில் இருந்த கடைசி அஸ்திரத்தையும் விட்டார்.

"ஒடம்பெல்லாம் உண்ணிங்க நர்ஸம்மா. குளிச்சு வருசக் கணக்காச்சு. நாலு நோயாளி படுத்திருக்கற எடத்துல நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

"அதானே! நல்ல வேளை சொன்னீங்க" என்றார் இன்பமேரி. "அப்போ சட்டத்தைக் கேட்டுக்குங்க. தினமும் காலையில குழாயடியில சோப்புப் போட்டுக் குளிப்பாட்டணும். குளிக்காத ஆடு வராந்தா ஏறக்கூடாது. வார்டு வாசல்ல தூண்ல கட்டிக்கலாம், ஆபரேஷன் ரூமுக்குள்ள மட்டும் தலை நீட்டக் கூடாது. சம்மதமா?"

"சம்மதமுங்க" என்று பாவாயி முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். கந்தப்பன் தன் வாயால் தானே கெட்டோம் என்று நொந்துகொண்டார்.

அன்றைக்கே முதல் குளியல் நடந்தது. பாவாயி குழாயைத் திறந்து ஒரு வாளி தண்ணீரைக் கிடாவின் முதுகில் கொட்டினாள். அவ்வளவுதான், அது மூக்கிலிருந்து வால்வரை உடம்பை உதறிச் சிலுப்பியது பாருங்கள், சவரியாரின் காக்கிச் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. தள்ளி நின்ற கந்தப்பன் முகத்திலும் நாலு சொட்டுத் தெறித்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் முகத்தைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

அவருக்கு என்ன சிரிப்பு வரும்? முனியப்பன் கோயிலில் கிடாவை நிறுத்தித் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம், கிடா துலுக்கிவிட்டது என்பார்கள். அப்புறம் அரிவாள்தான். மூன்று தடவை தெளித்தும் துலுக்கவில்லை என்றால் சாமிக்கு வேண்டாம் என்று அவிழ்த்துவிட வேண்டும். ஆனால் முதுகில் தண்ணீர் பட்டால் சிலுப்பாத ஆடு உலகத்தில் எங்கே இருக்கிறது? இதுவோ ஆளையே நனைக்கிற அளவுக்குத் துலுக்குகிறது.

மத்தியானம் டாக்டர் வந்து கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். புரை நன்றாக முற்றிவிட்டது, இப்போதே எடுத்தாக வேண்டும், இன்னும் தள்ளிப்போட்டால் கண்ணே இல்லாமல் போய்விடும், அப்புறம் யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் கந்தப்பன் பாவாயியின் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் பூட்டி வைத்தது உடைந்துகொண்டு வந்தது.

"எனக்கு வேண்டாம் புள்ள. ஊட்டுக்குப் போயிரலாம். எனக்குக் கண்ணு வந்தா அதுக்கு உசுரு போயிரும். என்னையக் கெணத்துல உளாமக் காப்பாத்துனதைய நானே கொண்டுபோய் நிறுத்தோணுமா?"

"அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ஊசிக்குப் பயப்படற ஆளா நீங்க?" என்றாள் பாவாயி. "நீங்க போய்ப் படுங்க. சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

"நீ பேசுன வரைக்கும் போதும்! நீ பேசுனதுலதான் இத்தனையும்!" என்று கந்தப்பன் எரிந்து விழுந்தார். பாவாயி எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கிடாவுக்குச் சட்டப்படி குளியல் முடிந்தது. கந்தப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வா சாமி, வெளிய போலாம், லாரி எங்கயாவது நிக்கும்" என்று காதோடு சொன்னார். கிடா உற்சாகமாகக் கிளம்பியது. வராந்தாவில் நேராகப் போனது, ஒரு திருப்பம் திரும்பியது, இரண்டு படி ஏறியது. வெளியே போகிற வழியில் ஏது படி என்று கந்தப்பனுக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. ஆனாலும் அதன் மேல் சந்தேகப்பட்டு அவருக்குப் பழக்கமில்லை, பின்னாலேயே போனார். மருந்து வாடை மூக்கில் குப்பென்று ஏறியபோதுதான் கிடா நின்றது. அதன் வாயில் எதையோ மொறுமொறுவென்று மெல்லுகிற சத்தம். கை நீட்டித் தடவினால் அகத்திக் கீரை. கீரைக்கட்டின் மறுமுனையில் பாவாயியின் வளையல்.

"வந்துட்டீங்களா பெரியவரே? இதான் ஆபரேஷன் ரூம்" என்றது இன்பமேரியின் குரல். ஒரு கை கயிற்றை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டது. "ஆடு இதுக்கு மேல வரக்கூடாது. நீங்க வரலாம்."

இத்தனை பேர் நடுவில் திரும்பி ஓட முடியுமா? ஆட்டை நம்பி மோசம் போனேன் என்று கத்தத்தான் முடியுமா? கந்தப்பன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ராஜா மாதிரி உள்ளே போய்ப் படுத்தார்.

ஆபரேஷன் முடிந்து கண்ணைக் கட்டிவிட்டார்கள். தலையின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, தும்மக்கூடாது, இருமக்கூடாது, தலையை அசைக்கவே கூடாது என்று இன்பமேரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அசையாமல் கிடந்தவருக்கு ஜன்னலுக்கு வெளியே குழாயடிச் சத்தம்தான் பொழுதுபோக்கு. தினமும் காலையில் வாளி நிரம்பும், தண்ணீர் கொட்டும், பிறகு கிடா காதுகளைப் படபடவென்று அடித்துச் சிலுப்புகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் ஒவ்வொரு நாளும் அவர் நெஞ்சில் அரிவாளாக விழும். போகப் போக அது குறைந்துகொண்டே வந்தது. வீட்டுக்குப் போகிற நாள் நெருங்கியபோது தண்ணீர் கொட்டுவது மட்டும்தான் கேட்டது, காதடிக்கிற சத்தமே இல்லை.

"கெடாவுக்கு என்னாச்சு பாவாயி? ஒடம்பு கிடம்பு சொகமில்லையா?"

"நல்லா இருக்குது. நீங்க தலைய ஆட்டாமப் படுங்க."

ஊருக்குக் கிளம்பிய அன்று இன்பமேரி கிடாவின் தலையைத் தடவிக் கொடுத்தார். "இந்த ஆஸ்பத்திரியில என் சட்டத்தை ஒரு நாள் விடாம மதிச்ச ஒரே ஆளு நீதான்" என்றார். சவரியார் அதற்கு ஒரு வாழைப்பழம் கொடுத்து வழியனுப்பினார்.

கொஞ்ச நாளில் தடித்த சோடாப்புட்டிக் கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டு கந்தப்பன் முதலில் பார்த்தது கிடாவைத்தான். கம்பீரமான உருவம், வளைந்த கொம்பு, அகன்ற நெஞ்சு என்றெல்லாம் மனசுக்குள் ஒரு படம் வைத்திருந்தார். எதிரில் நின்றதோ செம்மண் நிறத்தில், அறுபட்ட காதும் திருட்டு முழியுமாக ஒரு நோஞ்சான் கிடா. "நீதானா சாமி அது?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கண் வந்ததும் இன்னொன்றும் தெரிந்தது. பாவாயி தினமும் காலையில் கிடாவை மோட்டார்த் தொட்டிக்கு ஓட்டிப்போய்க் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். சோப்பு வேறு. வெட்டப் போகிற கிடாவுக்கு அலங்காரம் பண்ணுகிறாள் என்று கந்தப்பனுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். சோறு வேண்டும் என்றால் தட்டைத் தட்டுவார், தண்ணீர் வேண்டும் என்றால் சொம்பை உருட்டுவார். அவளும் சளைக்காமல் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், கிடாவைக் குளிப்பாட்டினாள்.

ஆடி மாசம் முனியப்பன் பொங்கல் வந்தது. உறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கூடிவிட்டது. சின்னண்ணன் வீட்டில் காலையிலேயே மசாலா அரைத்து உருட்டி வைத்தாகிவிட்டது. கிடாவுக்கு மாலை போட்டு சாமி முன்னால் நிறுத்தினார்கள். கயிற்றைக் கந்தப்பன்தான் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளும் தன்னைக் கூட்டிக்கொண்டு போன கயிறு இது என்று நினைத்துக்கொண்டார். கண்ணாடி எதற்கு, இதைப் பார்க்கவா என்று கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

பூசாரி அர்த்தநாரி வேப்பிலையால் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். கிடா நாக்கை நீட்டி மூக்கில் வழிந்ததை நக்கிக்கொண்டது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. இரண்டாம் தடவை இன்னும் தாராளமாகவே தெளித்தார். கிடா அசைபோட்டுக்கொண்டு நின்றது. கந்தப்பன் அவசர அவசரமாகக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"சொம்போட ஊத்துங்க பூசாரி!" என்றான் சின்னண்ணன். மசாலா ஆறிக்கொண்டிருந்தது.

அர்த்தநாரி சொம்புத் தண்ணீரைத் தலையிலிருந்து முதுகுவரை அப்படியே கவிழ்த்தார். கிடா சிலுப்பவில்லை. பதவிசாக ஒரு பக்கம் திரும்பி நின்று, வயிற்றுப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு, கழுத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. சோப்பு எங்கே என்று கேட்கிற மாதிரி பூசாரியை ஏறிட்டுப் பார்த்தது.

ஆஸ்பத்திரிக் குழாயடி கந்தப்பனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சட்டென்று திரும்பிப் பாவாயியைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக் கைகூப்பி உருக்கமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணு தரம் கேட்டாச்சுங்க. சாமிக்கு இது வேண்டாமாம். நேர்ச்சை தீந்துது, அவுத்து உடுங்க" என்றார் அர்த்தநாரி. சின்னண்ணன் வீட்டில் அன்றைக்கு அந்த மசாலாவில் கத்தரிக்காய் வெந்தது.

திரும்பி வருகிற வழியில் ஆள் நடமாட்டம் குறைந்ததும் கந்தப்பன் பேச்சை ஆரம்பித்தார். "ஏம் புள்ள, தெரிஞ்சேதான் பண்ணுனயா?"

"என்னத்தப் பண்ணுனேன்? நர்ஸம்மா தெனமும் குளிப்பாட்டச் சொன்னாங்க, குளிப்பாட்டுனேன்."

"அது ஆஸ்பத்திரிச் சட்டமல்ல? ஊட்டுக்கு வந்தப்பறமும் எதுக்கு?"

"நிறுத்துன்னு யாரும் சொல்லலீங்களே!" என்றாள் பாவாயி. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "ஆனா அது துலுக்கியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பனோ, எனக்கே தெரியலீங்க."

கிடா முன்னால் போனது. கந்தப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பழையபடி அதன் பின்னாலேயே காலை எடுத்து வைத்து நடந்தார். பாவாயிக்குச் சிரிப்பு வந்தது.

"அதான் கண்ணு நல்லாத் தெரியுதல்லங்க? கயித்த உட்டுப்போட்டு முன்னால நடங்க."

"எனக்குத் தெரியுது சரி" என்றார் கந்தப்பன் குரலைத் தாழ்த்தி. "எனக்குத் தெரியுதுங்கறது அதுக்குத் தெரியாதல்ல?"

கிடா டீக்கடைப் பக்கம் திரும்பியது. அவரும் திரும்பினார்.